அப்பத்தாவின் ஏழுகல் தோடு: வைரத்தை எப்படி மதிப்பிடுவது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

அழகர்கோவில்லேர்ந்து ஒரு அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தாங்க. அவங்க அப்பத்தாவோட ஏழுகல் வைரத்தோட்டை மக காலேஜ் ஃபீஸுக்காக விக்கணும். "ஒரு கல் 10 சென்ட், ரெண்டு காதுக்கும் 14 கல், மொத்தம் 1.40 காரட்னு பழைய சீட்டுல இருக்கு. போன்ல 1.40 காரட் வைரத்துக்குப் போட்டிருக்கிற விலையில கால்வாசிகூடக் கடையில சொல்லலை. ஏமாத்துறாங்களா?"ன்னு கேக்குறாங்க.

அந்தத் தோட்டைப் பார்க்காம அதுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனா கணக்கு எப்படிப் போகுதுன்னு சொல்லலாம்.

முதல்ல எடை. ஒரு காரட்ங்கிறது 200 மில்லிகிராம்; அதுல நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட். (22 காரட் தங்கம்னு சொல்றது தூய்மைக் கணக்கு, அது வேற.) பெரிய கல் கிடைக்கிறது அபூர்வம். அதனால ஒரே தரத்துல, 1 காரட் கல் ஒண்ணோட விலை, 10 சென்ட் கல் பத்தோட விலையைவிட ரொம்ப அதிகம். அக்கா, உங்ககிட்ட இருக்கிறது 1.40 காரட் கல் இல்ல. பதினாலு சின்னக் கல்.

அடுத்து நிறம். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் வகுத்த முறையில 'டி' எழுத்துன்னா நிறமே இல்லாதது. 'இசட்' பக்கம் போகப் போக மஞ்சள் ஏறும். 'புளூ ஜாகர்'ங்கிற பேரு தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்துலேர்ந்து வந்தது. பேரை நம்பாதீங்க, தரத்தைக் கேளுங்க.

மூணாவது வெட்டு. கல் ரொம்ப ஆழமா இருந்தாலும், தட்டையா இருந்தாலும் உள்ளே போன வெளிச்சம் மேல திரும்பாம ஒழுகிடும். மின்னாது.

நாலாவது தெளிவு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்ல உள்குறைகளைப் பார்ப்பாங்க. இது மதுரைக்குப் புதுசில்ல. சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில, கோவலன் பார்க்கிற மதுரை ரத்தினக் கடைத்தெருவுல, நாலு குற்றம் இல்லாத வைரங்கள் இருந்ததா வருது: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்காக் கால் மாதிரிக் கீறல், மங்கல், புள்ளி, கோடு. இன்னைக்கும் லென்ஸ்ல ஏறக்குறைய இதையேதான் தேடுறாங்க.

இப்ப முக்கியமான விஷயம். பழைய தோடு பலதும் பின்பக்கம் மூடிக் கட்டினது. அதுல நிறத்தையும் குறையையும் சரியாச் சொல்ல முடியாது, எடையும் உத்தேசம்தான். ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டும். வெப்பத்தை வச்சுச் சோதிக்கிற சின்னக் கருவி, ஆய்வகத்துல வளர்த்த வைரத்தையும் 'வைரம்'னுதான் காட்டும், ஏன்னா அதுவும் வைரம்தான். ஆனா அதோட விலை ரொம்பக் குறைவு. அதைப் பிரிச்சுச் சொல்ல நல்ல ஆய்வகம் வேணும்.

அதனால அவசரப்பட்டு வித்துடாதீங்க. உங்க கண் முன்னாடி கல்லைக் கழட்டி எடை போடச் சொல்லுங்க. தங்கத்துக்குத் தனியா, கல்லுக்குத் தனியா விலை எழுதி வாங்குங்க. ரெண்டு மூணு இடத்துல கேளுங்க.

அதே மதுரையிலதான் ஒரு சிலம்பை உடைச்சுப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னாங்க. உள்ளே இருந்தது முத்தில்ல, மாணிக்கம்னு தெரிஞ்சப்போ நேரம் கடந்துபோச்சு. உள்ளே இருக்கிறதைப் பார்த்துட்டு விலை பேசுங்க, அக்கா.