ஓ.எஸ். போட்டாச்சு, ஃபைல் எங்கே?

லேப்டாப் நீலத் திரையோடு நின்றுவிட்டது என்று ஆலங்காயத்திலோ வாணியம்பாடியிலோ கடையில் கொடுத்தால், "ஓ.எஸ். போடணும் தம்பி" என்பார்கள். சாயங்காலம் வாங்கி வந்து திறந்தால் புத்தம் புதுசாக இருக்கும். அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த சாதிச் சான்றிதழ் ஸ்கேன், அக்கா கல்யாணப் போட்டோ, பாதி முடித்த புராஜெக்ட், ஒன்றும் இருக்காது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய லேப்டாப் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு தடவையாவது இது நடந்திருக்கும்.

ஆனால் நண்பர்களே, அந்த ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கின்றன!

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கல் தொலைந்து போனால் நம் சாமைக்கொல்லை காணாமல் போய்விடுமா? நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். யாருடையது, எங்கே ஆரம்பிக்கிறது என்ற கணக்குதான் போயிற்று. ஹார்டு டிஸ்க்கிலும் அப்படியொரு கணக்குப் புத்தகம் உண்டு. எந்த ஃபைல் எந்த இடத்தில் கிடக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். 'குயிக் ஃபார்மட்' அடித்தால் அந்தப் புத்தகம் மட்டும் புதுசாகும், ஃபைல் கிடந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. அங்கே வேறொருத்தர் ஏர் ஓட்டி விதைத்தால்தான் ஆபத்து. புது விண்டோஸ் உட்கார்ந்த இடத்தில் இருந்த பழையது போனது போனதுதான். மிச்ச இடத்தைக் காப்பாற்றலாம்.

அதனால் முதல் வேலை, லேப்டாப்பை அணைத்துவிடுவது. பாட்டு இறக்குவது, கேம் போடுவது எதுவும் வேண்டாம். ஃபைல் மீட்கும் மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் நிறுவக்கூடாது. நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், கடைக்காரர் ஃபார்மட் அடித்தாரா, பழையதன் மேலேயே போட்டாரா என்று கேளுங்கள். மேலேயே போட்டிருந்தால் பாதிக் கவலை விட்டது. சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'யூசர்ஸ்', அதற்குள் பழைய பெயர், அதற்குள் டெஸ்க்டாப். எல்லாம் வைத்தது வைத்தபடி! ஆனால் விண்டோஸ் 10, 11-ல் பத்து நாள் கழித்து அதைக் கணினியே அழித்துவிடலாம். உடனே பென்டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும். 'அனுமதி இல்லை' என்று தடுத்தால், பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில் கணினியைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் போட்ட அந்தத் தடையை அது பொருட்படுத்தாது. (பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் அதற்குரிய சாவி எண் வேண்டும்.) பழைய டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினாலும் சரிதான்.

ஃபார்மட்டே அடித்திருந்தால் 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்று இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு. ஃபோட்டோரெக் கணக்குப் புத்தகத்தையே பார்க்காது. கொல்லை கொல்லையாக நடந்து பயிரைப் பார்த்தே அடையாளம் சொல்லும். எல்லா ஜேபெக் படமும் 255, 216 என்ற இரண்டு பைட்டுகளில்தான் தொடங்கும். அந்த மாதிரி ஆரம்பத்தைத் தேடிப் பிடித்துத்தான் ஃபைலை எடுக்கிறது. ஆனால் பெயர் போய்விடும். ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்ணோடு வந்து கிடக்கும். அதில் கல்யாணப் போட்டோவைப் பொறுக்கி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். எடுத்ததை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

புது லேப்டாப்களில் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் இந்த வித்தை அநேகமாகப் பலிக்காது. அழித்த இடத்தை அது தானே சுத்தம் செய்துகொள்ளும். எனவே ஒன்றுக்கு இரண்டு பிரதி வைப்பதே மேல். சான்றிதழையாவது திரும்ப ஸ்கேன் செய்யலாம், கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியுமா? 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை நம் காவலூரிலும் வேறு சில இடங்களிலும் பதிவு செய்தார்கள். அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்தப் பதிவுகளால்தான். பதிவு தொலைந்திருந்தால் அதே மறைப்பை மறுபடி எங்கே போய்ப் பார்ப்பது?

கடைசியாக நம் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை. கஷ்டப்பட்டு மீட்ட பழைய கட்டுரையைத் திறந்தால் 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்! அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் விண்டோஸோடு வருவதில்லை. நாம் தனியாகப் போட்டவை, ஓ.எஸ். மாற்றியதும் போய்விட்டன. விண்டோஸ்.ஓல்டு இருந்தால் அதற்குள் 'விண்டோஸ்', அதற்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று போய்ப் பாருங்கள், அங்கேயே இருக்கும். திரும்ப நிறுவினால் 'அம்மா' வந்துவிடுவாள். தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. மீட்ட கட்டுரையை ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடில் சேமித்துவிட்டால், அடுத்த தடவை ஓ.எஸ். போடும்போது பாமினியைத் தேடி அலைய வேண்டியதில்லை.