சேற்றில் இறங்கிச் செய்யும் வேலை

மேற்படிப்பைப் பற்றி எங்கள் வானொலியில் நேரலை நடத்திய அன்று, ஈப்போவிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். மகள் எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறாள். நல்ல தேர்ச்சி. மருந்தியலுக்குக்கூட இடம் கிடைக்கலாம். அவளோ கடலோரச் சூழலியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். "சேத்துல எறங்கி நிக்கிறதெல்லாம் ஒரு வேலையாங்க? டாக்டர்னா டாக்டர், லாயர்னா லாயர். இதை சொந்தக்காரங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

ஒரு பாட்டுக்கும் ஒரு விளம்பரத்துக்கும் நடுவே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் அந்த வேலையைச் செய்கிற ஒருவரையே தேடிப் பிடித்தேன். 29 வயது, பேராக்கில் ஒரு தோட்டத்தில் வளர்ந்த பெண். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எத்தனை மணிக்கு வரட்டும் என்றதற்கு, "அதை நான் சொல்ல முடியாதுக்கா, கடல்தான் சொல்லணும்" என்றார். பிறகு ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு, காலை ஆறே முக்காலுக்குக் கோலா செபெத்தாங்கில் நிற்கச் சொன்னார்.

மீன் சாப்பிடவும் கரிச் சூளை பார்க்கவும் அங்கே போனவர்கள் நம்மில் பலர் உண்டு. மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் வாசல் அது. சுமார் 40,000 ஹெக்டேர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வனத்துறை திட்டம் போட்டு வெட்டி, நட்டு, மறுபடி வளர்க்கும் காடு. ஓரிடத்தில் பாக்காவ் மரங்களை முழுதாக வெட்டினால் அங்கே அடுத்த முழு வெட்டுக்கு 30 ஆண்டுகள் ஆகும். 25 வயதில் நாற்று நட்டவர், அது மரமாகி வெட்டப்படுவதை 55 வயதில்தான் பார்ப்பார்.

பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் இப்படிப்பட்ட கரையில் மரம் இருக்காது. உறைபனி கொன்றுவிடும். உப்பைத் தாங்கும் புல்லும் குட்டைச் செடிகளும்தான் அங்கே சேற்றைப் பிடித்து வைத்திருக்கும். உப்புச் சதுப்பு நிலம் என்பார்கள். தமிழ்நாட்டில் வேதாரண்யம் பக்கம் உமரிச் செடி சிவந்து படர்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மரமோ புல்லோ, ஆய்வாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தைக் கடல் எத்தனை தடவை மூடுகிறது?

அந்தக் கேள்விக்கு உலகமே எடுத்துப் பார்க்கும் பதில்களில் ஒன்று நம் மண்ணில் எழுதப்பட்டது. ஜே. ஜி. வாட்சன் என்ற மலாயா வனத்துறை அதிகாரி, தீபகற்பத்தின் சதுப்புநிலக் காடுகளைப் பற்றி 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் கரையை 5 வகுப்புகளாகப் பிரித்தார். மிகத் தாழ்ந்த முதல் வகுப்பைக் கடல் மாதத்துக்கு 56 முதல் 62 தடவை மூடும். அதாவது எல்லா ஏற்றத்திலும். மேலே போகப் போக எண்ணிக்கை குறையும். நான்காம் வகுப்புக்கு அமாவாசை, பௌர்ணமி சமயத்துப் பெரிய ஏற்றங்களில்தான் தண்ணீர் வரும். ஐந்தாம் வகுப்புக்கு மாதத்தில் 2 தடவைகூட இல்லை. எந்த மரம் எந்த வகுப்பில் பிழைக்கும் என்றும் குறித்து வைத்தார். முதல் வகுப்பில் பெரும்பாலும் எதுவும் பிழைக்காது.

ஏதோ பழைய அட்டவணை என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. நம் நாட்டில் மட்டும் 68 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலேசியா, இலங்கை என்று எல்லாக் கரையிலும் சதுப்பு மரம் நடும் வேகம் பிறந்தது. நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் இலங்கையில் அப்படி நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் கணக்கை வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. காரணங்களில் முக்கியமானது, பொருந்தாத இடத்தில் நட்டது. படம் எடுக்க வசதியாக, வெட்டவெளியான தாழ்ந்த சேற்றில் நடுகிற வழக்கம் எங்கும் உண்டு. அங்கே கன்று மூச்சுவிட நேரமில்லாமல் கடல் மூடிக்கொண்டே இருக்கும். வாட்சன் 1928இலேயே சொன்ன விஷயம். நடுவதற்கு முன் அந்த மேட்டையும் பள்ளத்தையும் அளந்து, "இங்கே வேண்டாம், அங்கே நடுங்கள்" என்று சொல்கிறவர்தான் கடலோரச் சூழலியலாளர். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மறுபடி காட்டுக்கு வருகிறேன். முழங்கால் சேறு. என் ரப்பர் பூட்ஸ் பத்தாவது அடியிலேயே உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் காலில் இறுக்கமான பழைய காலணி, சேறு அதைக் கழற்றுவதில்லை. மரத்தின் சுற்றளவை அளக்க நாடா, உப்பின் செறிவைப் பார்க்கக் கையடக்கக் கருவி, பென்சில், நனையாத தாள். பாக்காவ் மரத்தைச் சுற்றி நாடா பிடிப்பதே ஒரு வித்தை. ஊன்று வேர்கள் ஆள் உயரத்துக்கு நிற்பதால், கடைசி வேருக்கும் மேலே ஏறி அளக்க வேண்டும்.

என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. சேற்றுக்குள் இனி இறங்காது என்கிற ஆழம் வரை அடித்து இறக்கிய ஓர் உலோகக் கம்பி. அதன் தலையில் ஒரு கை போன்ற சட்டத்தைப் பூட்டி, 9 ஊசிகளை மெதுவாகச் சேற்றின் மேல் இறக்குகிறார்கள். ஊசி நிற்கும் உயரத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வந்து அதே இடத்தில் அதே அளவு. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் கடல் மட்டம் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. சேறும் அதற்கு ஈடாக உயர்ந்தால் காடு பிழைக்கும். 78 இடங்களின் பழைய படிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு, உயர்வு ஆண்டுக்கு 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் சதுப்புநிலக் காடுகளால் ஈடுகொடுக்க முடியாமல் போகும் என்கிறது. 4க்கும் 6க்கும் நடுவே இருப்பது 2 மில்லிமீட்டர். அந்த ஊசி அளப்பது அதைத்தான்.

கிழக்குக் கரையில் கதை மணலுக்கு மாறுகிறது. பருவக்காற்று கொண்டுவந்து கொட்டும் மணலை முதலில் பிடித்து நிறுத்துவது அடம்பங்கொடி. ஊதாப்பூ பூக்குமே, அதுதான். இலையைப் பார்த்து மலாய்க்காரர்கள் குதிரைக் குளம்பு என்றார்கள், அறிவியல் பெயர் வைத்தவர்கள் ஆட்டுக் கால் என்றார்கள், நம் சங்கப் புலவருக்கு மானின் அடி தெரிந்தது. கொடி மணலைச் சேர்க்க, மேடு உயர, பின்னால் புதரும் சவுக்கும் வரும். புயல் நாளில் அலைக்குக் கொடுக்கக் கரையிடம் இருக்கும் சேமிப்பு அந்த மணல்மேடுதான். மணலின் போக்கை மறித்தால் என்ன ஆகும் என்பதைத் திரெங்கானு பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்பறையில் தேட வேண்டியதில்லை. பக்கத்தில் விமான நிலைய ஓடுபாதையைக் கடலுக்குள் நீட்டிய பிறகு, தோக் ஜெம்பால் கரையைக் கடல் அரித்த விதமும், அதைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

இனி அந்த அம்மாவின் உண்மையான கவலை: பிழைப்பு. மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் கடல் அறிவியலுக்குப் பெயர் பெற்றது. பினாங்கில் யூ.எஸ்.எம்.முக்கு முக்கா ஹெட்டில் கடலோர ஆய்வு நிலையமே இருக்கிறது. படித்தபின் வனத்துறை, கெப்போங் வன ஆய்வுக் கழகம், வடிகால் துறை, பல்கலைக்கழகங்கள். இவற்றோடு, பெரிய கடல் நிலமீட்புத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை சட்டப்படி தேவை என்பதால் ஆலோசனை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. இனிப்பாகவே சொல்லி முடிக்க மாட்டேன். முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம். முதுகலை இல்லாமல் மேலே போவது கடினம். மருந்தாளர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொடக்கம் மெலிவுதான். புள்ளியியல் வராதவர்கள் திணறுவார்கள். சேற்றில் ஒரு நாள் என்றால் கணினி முன் நான்கு நாள்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "அப்பா ரெண்டு வருஷம் யாருகிட்டயும் சொல்லலக்கா. அப்புறம் ஒருநாள் கூட வந்தாரு. கம்பியைப் பார்த்துட்டு, நாங்க ரப்பர் மரத்துக்குக் கணக்கு எழுதின மாதிரிதானே இதுவும்னாரு" என்றார்.

மகளையோ மகனையோ இந்தத் துறைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் ஒரு காலைப்பொழுது கூட்டிக்கொண்டு போங்கள். மாத்தாங்கில் மரப்பலகை நடைபாதை இருக்கிறது, கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவும் நல்ல இடம். கொசு மருந்து, பழைய உடை. கிளம்பும் முன் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறியிருக்கும்போது போனால் மரம் மட்டும்தான் தெரியும்.