முதியோர் ஏன் கேஷுவாலிட்டிக்கு வருகிறார்கள்?



நமது ஊழியத்தைத் தாங்கிவரும் நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அவசர சிகிச்சைப் பிரிவுக்கென்று காணிக்கை கொடுக்கிறோம். அங்கே அடிபட்டவர்களைவிட வயதானவர்களே அதிகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலைச்சுற்றல், மூச்சிரைப்பு, அசதி என்கிறார்கள். இவர்கள் பகலில் வெளிநோயாளர் பிரிவுக்கு வரக்கூடாதா?" நியாயமான கேள்விதான். நோயாளிகளின் படுக்கையருகே கேட்டவற்றைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

முதலாவது காரணம், குடும்ப மருத்துவர் குறைந்துபோனது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் ஒரு காலத்தில் டாக்டர்கள் வீட்டு முன்னறையிலேயே கிளினிக் வைத்திருந்தார்கள். இரவில் கதவைத் தட்டினால் பையுடன் வருவார்கள். இன்று இருதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். மூவரும் எழுதிய மாத்திரைகளை ஒரே மஞ்சள் பையில் கொண்டுவந்த ஒரு மூதாட்டி, "எதை நிறுத்துவது, எதைச் சாப்பிடுவது என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும்" என்றார். டாக்டர், இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எந்நேரமும் ஒரே வாசலில் கிடைப்பது கேஷுவாலிட்டியில்தான்.

இரண்டாவது, துணையின்மை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி வீடு. ஆட்டோ பிடித்து வந்து வரிசையில் நிற்க ஆள் வேண்டுமே என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறார்கள். இங்கே இரவு 11 மணியாகும்போது அமெரிக்காவில் பகல். தொலைபேசியில் தகப்பனாரின் குரல் தளர்ந்திருப்பதைக் கேட்டு மகன் பதறுகிறான். தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வருகிறது. அது கொண்டுவந்து சேர்ப்பது அவசரப் பிரிவின் வாசலில்.

மூன்றாவது, பணம். நம் நாட்டின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் கைகொடுக்கும். மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு விரிவுபடுத்திய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் உள்நோயாளர் சிகிச்சைக்கானதே. டாக்டர் பார்க்கும் கட்டணமும் மாதாந்திர மாத்திரையும் கைக்காசு. அந்தக் காசை மிச்சம் பிடிப்பவர்கள் கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வருகிறார்கள்.

நான்காவதை நம் டாக்டர்கள் எனக்கு விளக்கினார்கள். முதுமையில் நோய் வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறது. மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல், வெறும் வியர்வையும் அசதியுமாக வரலாம். சிறுநீர்த் தொற்று காய்ச்சல் இல்லாமல், மனக்குழப்பமாக வெளிப்படலாம். இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் பேச்சு தடுமாறும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதல் 4½ மணி நேரத்துக்குள் போடவேண்டும். ஆகவே "ஒன்றுமில்லை, ஒரு மாதிரி இருக்கிறது" என்று வரும் முதியவரே அந்த இரவின் மிக ஆபத்தான நோயாளியாக இருக்கக்கூடும். அவரைக் கடிந்து அனுப்பினால், அடுத்த முறை வரவேண்டிய நேரத்தில் வரமாட்டார்.

யோவான் 5-ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் வியாதியாயிருந்தவன் ஆண்டவரிடம் மருந்து இல்லையென்று சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லையென்றே சொன்னான். நம் முதியோர் பலரின் குறையும் அதுவே.

அந்த ஆள் கிடைத்தால் நிலைமை மாறும். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் நள்ளிரவில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற தைரியத்தை எந்தத் திட்டத்தாலும் தர இயலாது. அது சபையின் வேலை.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். உங்கள் தெருவில் தனித்திருக்கும் முதியவர் ஒருவரின் மாத்திரைப் பட்டியலையும் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணையும் எழுதி, அவர் வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அவர் கேஷுவாலிட்டியிலிருந்து வீடு திரும்பினால், மறுநாளே போய்ப் பாருங்கள். மாத்திரை வாங்கியாயிற்றா, சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இப்படிப் பார்ப்பார் இல்லாததால்தான் பலர் ஒரே வாரத்தில் திரும்ப வருகிறார்கள்.

உங்கள் காணிக்கை இரவில் இந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் நுழைகிற ஒவ்வொருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்