உங்களுக்குத் தெரியுமா? மலையேறும் டீசல் காரின் புகை

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இறுக்கிய காற்றின் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. காற்றோ டீசலோ அளவு பிசகினால் புகைக்குழல் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத் தோதான பரீட்சைக்கூடம் திருப்பதியிலிருந்து திருமலைக்குப் போகும் ஏற்றம்தான்!

கரும்புகையோடு இழுவையும் குறைந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாய்க் கசிவு, இன்ஜெக்டர் கோளாறு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை ஓயாமல் வந்தால் கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த கார்களில் புகை அவ்வளவாகத் தெரியாது. கரியை டிபிஎஃப் வடிகட்டி பிடித்துவைக்கும். அந்தக் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். திருப்பதி ஊருக்குள்ளேயே கடைக்கும் பள்ளிக்கும் ஓடும் காருக்கு அந்தச் சூடு ஏது? வடிகட்டி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். சித்தூர்வரை நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஒருமுறை போய்வந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு மலையேறுங்கள்.