கரண்ட் போன இரவில்: வீட்டு ஜெனரேட்டரைப் பாதுகாப்பாக வைப்பதும் ஓட்டுவதும்

கேரளம் தன் மண்ணிலேயே உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர் மின்சாரம். 1940இல் பள்ளிவாசல், 1976இல் இடுக்கி என்று மலையில் பெய்த மழைதான் இங்கே விளக்காக எரிகிறது. ஆனால் அதே மழைதான் இடவப்பாதி தொடங்கியதும் தென்னை மட்டையையும் பலாக்கிளையையும் கம்பி மேல் தள்ளிவிட்டு நம்மை இருட்டில் உட்கார வைக்கிறது. மழையே இல்லாமல் அணை வற்றினாலும் தொல்லைதான். அதற்காகவே 1990களின் இறுதியில், நம் காக்கநாட்டுக்குப் பக்கத்தில் பிரம்மபுரத்தில், மின் வாரியம் ஐந்து பெரிய டீசல் எஞ்சின்களை வைத்து 100 மெகாவாட்டுக்கும் மேல் திறன் கொண்ட மின் நிலையத்தை அமைத்தது. அரசுக்கே ஒரு மாற்று ஏற்பாடு தேவைப்பட்டது என்றால் வீட்டுக்காரர்கள் நாம் எம்மாத்திரம்!

2004இல் இன்ஃபோபார்க் வந்த பிறகு காக்கநாட்டில் குடியேறிய நம்மவர்களில் பலருக்கு ஜெனரேட்டர் புதிதல்ல. 2012 வாக்கில் கோவையிலும் மதுரையிலும் தினம் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாம். கடை வாசலில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டே பழகிய காதுகள். பழகிய பொருள் என்பதாலேயே அதன் ஆபத்து நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஜெனரேட்டர் என்பது வீட்டுக்குள் நாம் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன பவர் ஸ்டேஷன். அதை ஓட்டுபவரின் பொறுப்பு தன் வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை, தெருக்கம்பம் வரை போகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

திரும்பிப் போகும் மின்சாரம்

கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் யோசிக்காத விஷயம், அது இருவழிச் சாதனம் என்பது. வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட்டைக் கொடுத்தால் மறுபக்கத்தில் ஏறக்குறைய 11,000 வோல்ட்டாக வெளியே வரும். அதற்கு முன்னால் எது, பின்னால் எது என்ற பேதம் கிடையாது.

இனி ஒரு மழை இரவை நினைத்துப் பாருங்கள். மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறது. கே.எஸ்.இ.பி. லைன்மேன் சப்ளையை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறுகிறார். அந்த நேரத்தில் ஒரு வீட்டில், இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டிலும் சொருகுகிறார்கள். மெயின் சுவிட்சை ஆஃப் செய்ய மறந்துவிட்டார்கள். வீட்டில் விளக்கு எரிகிறது. அதோடு சர்வீஸ் வயர் வழியாக மின்சாரம் தெருவுக்கும் போகிறது.

"நம்ம சின்ன ஜெனரேட்டர் எங்கே தெருவுக்கே கரண்ட் கொடுக்கப் போகுது? லோடு தாங்காம நின்னுடாதா?" என்று கேட்கலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பக்கத்து வீடுகளின் லோடு முழுவதும் சேர்ந்தால் அது திணறி நின்றுவிடும். ஆனால் கம்பி அறுந்து, ஒன்றிரண்டு வீடுகள் மட்டுமே அந்தத் துண்டில் மிஞ்சியிருந்தால் நிற்காது. டிரான்ஸ்பார்மரின் பியூஸைப் பிடுங்கிவிட்டால் 11,000 வோல்ட் வராது. ஆனால் தாழ்வழுத்தக் கம்பியில் 230 வோல்ட் இருக்கும், ஒரு மனிதரைக் கொல்ல அதுவே போதும். லைன்மேன்கள் வேலைக்கு முன் கம்பியைச் சோதித்து எர்த் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்கள் விதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் நம் விதியை விட்டுவிட முடியாது. அறுந்து முற்றத்தில் கிடக்கும் கம்பியை மிதிக்கும் குழந்தைக்கு எந்தச் சோதனைக் கருவியும் கிடையாது.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைச் சிதைத்தபோது, கிராமம் கிராமமாக வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள், செல்போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். அந்தச் சமயத்தில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தத் தமிழக ஊழியர்களோடு கேரள மின் வாரிய ஊழியர்களும் வந்து நின்றார்கள். நம் ஊருக்கு வெளிச்சம் கொடுக்க வந்தவர்களின் தோழர்கள்தான் இன்று காக்கநாட்டில் மழையில் நனைந்துகொண்டு கம்பம் ஏறுகிறார்கள்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச்

மேலே சொன்ன ஆபத்துக்கு மருந்து ஒன்றே ஒன்று: சேஞ்ச் ஓவர் சுவிட்ச். இதில் மூன்று நிலைகள் உண்டு. ஒன்று லைன், நடுவில் ஆஃப், மற்றொன்று ஜெனரேட்டர். லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேரவே முடியாதபடி அதன் அமைப்பே தடுத்துவிடும். நினைவாற்றலை நம்ப வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெருமை. அவசரத்தில், இருட்டில், குழந்தை அழும்போது யாருக்கும் மறதி வரும். கரண்ட் திடீரென்று திரும்பி வந்தால் இரண்டும் மோதி ஜெனரேட்டரின் சுருள் கருகிப்போவதையும் இது தடுக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: சிங்கிள் பேஸ் வீட்டுக்கு இரண்டு போல், த்ரீ பேஸ் வீட்டுக்கு நான்கு போல். அதாவது பேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். சுவிட்சின் ஆம்பியர் அளவு வீட்டு மெயினுக்குக் குறையக் கூடாது. லைன் பக்கத்தில் ஒரு இண்டிகேட்டர் விளக்கு வைத்துக்கொண்டால் கரண்ட் வந்துவிட்டது என்பது ஜெனரேட்டர் ஓடும்போதே தெரியும். ஜெனரேட்டரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும்போதும் வேலை செய்யும்படி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டியது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர் வீட்டில் இருந்தால் இன்றே வெட்டிப் போடுங்கள்.

மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. லைனோடு இணைந்த சோலார் இன்வர்ட்டர் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். லைன்மேன் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. ஆனால் அது ஜெனரேட்டரோடு ஒரே போர்டில் சேர்ந்திருந்தால், ஜெனரேட்டரின் மின்சாரத்தை லைன் என்று ஏமாந்து மறுபடி ஓடத் தொடங்கலாம். வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் அப்போது ஜெனரேட்டருக்குள் பாயும். ஆகவே சோலார் இணைப்பு சேஞ்ச் ஓவருக்கு முன்னால், லைன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மணம் இல்லாத விஷம்

இரண்டாவது ஆபத்து புகை. கண்ணுக்குத் தெரியும் கரும்புகை தொல்லைதான், ஆனால் கொல்வது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கிறக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் தெரியாது. ஒரு சிறு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவு கார்பன் மோனாக்சைடை விடும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. 2020 ஆகஸ்டில் அங்கே லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது இறந்தவர்களில் பலரைக் காற்றோ வெள்ளமோ கொல்லவில்லை. புயல் ஓய்ந்த பிறகு வீட்டில் ஓடிய ஜெனரேட்டரின் புகை கொன்றது.

ஆகவே கார் ஷெட், படிக்கட்டின் அடி, பால்கனி, வேலை செய்யும் இடம் என்று நாம் சொல்லும் பின்கட்டு, இவை எதிலும் ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எந்த ஜன்னலையும் பார்க்காதபடி, நம் ஜன்னலை மட்டுமல்ல, அடுத்த வீட்டு ஜன்னலையும் பார்க்காதபடி வைக்க வேண்டும்.

காக்கநாட்டில் நான்கு சென்ட் இடத்தில் வீடு கட்டியவருக்கு 20 அடிக்கு எங்கே போவது? உண்மையைச் சொன்னால், அந்த வீட்டுக்கு ஜெனரேட்டர் ஏற்றதல்ல. ஃபேன், விளக்கு, வைஃபை இவற்றுக்கு பேட்டரி இன்வர்ட்டர் போதும்; அதற்குப் புகையும் கிடையாது.

மழையும் வெள்ளமும்

ஜெனரேட்டர் நனையக் கூடாது, அதே சமயம் மூடிய அறையிலும் இருக்கக் கூடாது. நான்கு பக்கமும் திறந்து, மேலே மட்டும் கூரை உள்ள மேடைதான் சரி. மேடையின் உயரம் முக்கியம். 2011இல் ஜப்பானின் புகுஷிமாவில் அணு உலைகளைக் காப்பாற்ற வேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருந்ததால் சுனாமி நீரில் மூழ்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 2018 ஆகஸ்டில் நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக்கிடந்ததை இங்கே இருப்பவர்கள் மறக்க முடியாது. உங்கள் பகுதியில் அப்போது தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேட்டு, அதற்கு மேல் மேடை கட்டுங்கள்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

எல்.இ.டி. விளக்கு 9 வாட், சாதாரண ஃபேன் 75 வாட், ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட், டி.வி. 100 வாட். ஆறு விளக்கு, நான்கு ஃபேன், ஃபிரிட்ஜ், டி.வி. சேர்ந்தால் சுமார் 600 வாட்தான். ஆனால் 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 1,000 வாட் அளவும், கிளம்பும் நொடியில் அதைப்போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். விளம்பரத்தில் கேவிஏ என்று போட்டிருப்பதை 0.8ஆல் பெருக்கினால்தான் கிலோவாட் கிடைக்கும். 5 கேவிஏ என்றால் 4 கிலோவாட். கிணற்று மோட்டார் உள்ள வீட்டுக்கு இந்த அளவு வேண்டும், ஏ.சி. ஓட வேண்டும் என்றால் கணக்கு இன்னும் ஏறும்.

ஓட்டும் முறை

1. சேஞ்ச் ஓவரை நடுவில், ஆஃபில் வையுங்கள்.
2. ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பிறகு ஜெனரேட்டர் பக்கம் திருப்புங்கள்.
3. பெரிய லோடு முதலில், சிறியது பிறகு, ஒவ்வொன்றாகப் போடுங்கள்.
4. நிறுத்தும்போது முதலில் லோடை எடுங்கள், சிறிது ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள்.
5. ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ எரிபொருள் ஊற்றாதீர்கள். கேனை அடுப்படியில் வைக்காதீர்கள்.
6. மாதம் ஒரு முறை கால் மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டுங்கள். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசின் பிடித்து, தேவைப்படும் இரவில் வண்டி கிளம்பாது.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு

நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். ஜெனரேட்டர் அசோசியேஷனுடையது, ஆனால் அங்கே தூங்குவது நம் பிள்ளைகள். பொதுக்குழுவில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மின் ஆய்வாளர் அலுவலகத்தின் அனுமதி இருக்கிறதா? ஒலித்தடுப்புக் கூண்டு சரியாக இருக்கிறதா? கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. புகைக்குழாய் மொட்டை மாடிக்கு மேல் போகிறதா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 100 கேவிஏ ஜெனரேட்டருக்குக் கட்டட உயரத்துக்கு மேல் இன்னும் 2 மீட்டர் வேண்டும். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் லோடை அளந்து கொடுக்கும் ஏ.சி.சி.எல். கருவியை யாராவது பைபாஸ் செய்திருக்கிறார்களா? இதைக் கேட்பதால் நமக்குக் கெட்ட பெயர் வராது. வெளியூர்க்காரர் என்று ஒதுங்கி நிற்கவும் தேவையில்லை.

அறுந்த கம்பியைக் கண்டால் கிட்டே போகாமல் 1912க்கு அழையுங்கள். உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்பதைத் தெருவில் வேலை செய்யும் லைன்மேனிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். உடைந்த மலையாளத்தில் சொன்னாலும் அவருக்குப் புரியும். சுவிட்ச் சரியாக இருந்தாலும் சொல்லுங்கள். கம்பத்தின் மேல் நிற்பவருக்கு அது ஒரு தைரியம்.