நெரவிக்கு எத்தனை எழுத்து?

பைத்தான் என்ற நிரல்மொழியில் காரைக்கால் மாவட்டத்து நம் ஊர் நெரவியின் பெயரைக் கொடுத்து, இதில் எத்தனை எழுத்து என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று சொல்லும். நெ, ர, வி என்று நாம் எண்ணினால் மூன்றுதான். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் ‘நெ’ என்பது ‘ந’ ஒன்று, கொம்பு ஒன்று என இரண்டு குறிகள். ‘வி’யும் அப்படியே, ‘வ’ ஒன்று, விலங்கு ஒன்று. பெயரைத் திருப்பிப் போடச் சொன்னால் இன்னும் வேடிக்கை. கொம்பு ‘ந’வை விட்டுவிட்டு ‘ர’வோடு ஒட்டிக்கொண்டு ‘ரெ’ ஆகிவிடும். ‘வி’யின் விலங்கு ஒட்ட ஆளில்லாமல் முன்னால் தனியே நிற்கும்.

இதை மட்டும் வைத்து இருபது நிமிடம் பேசலாம். அப்படிப் பேசுகிற இடம்தான் பயனர் குழுக் கூட்டம். ‘மீட்டப்’ என்றால் இளைஞர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஒரே மென்பொருளையோ நிரல்மொழியையோ புழங்குகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஒருவர் தான் செய்ததைக் காட்டுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. சான்றிதழ் இல்லாததே இதன் சிறப்பு என்பேன். ஆர்வம் இருப்பவர் மட்டுமே வருவார். 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் இப்படித்தான் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. அதில் உட்கார்ந்திருந்த ஸ்டீவ் வாஸ்னியாக், பிறகு தன் ஆப்பிள் 1 கணினியை அந்தக் கூட்டத்தாரிடம்தான் கொண்டுவந்து காட்டினார்.

சென்னையில் லினக்ஸ் இயங்குதளத்தின் பயனர் குழு 1990களின் இறுதியிலிருந்தே இயங்குகிறது. பைத்தான்காரர்களுக்குச் ‘சென்னைபை’ இருக்கிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் கூடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது விழுப்புரம். பெரிய ஐ.டி. கம்பெனிகள் இல்லாத அந்த ஊரில் ஒரு குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குத் தொடர்ந்து வகுப்பு நடத்திவருகிறது.

கூட்டம் எப்படி இருக்கும்? சொன்ன நேரத்துக்குப் பாதிப் பேர்தான் வந்திருப்பார்கள். புரொஜக்டர் ஒயர் பேச்சாளரின் லேப்டாப்பில் சேராது. யாரோ பையிலிருந்து ஒரு கன்வெர்ட்டரை எடுத்து நீட்டுவார். கறுப்புத் திரையில் நிரல் தெரிந்ததும் பின்வரிசையிலிருந்து, “எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க” என்று குரல் வரும். கண்ட்ரோலையும் பிளஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் போதும். முதல்முறை பேசுகிறவருக்குப் பதற்றத்தில் அதுவும் மறந்துபோகும். பிறகு அரைமணி நேரப் பேச்சு, சில நேரம் ஆளுக்கு ஐந்து நிமிடக் குறும்பேச்சு. வேலை, சந்தேகம், சண்டை எல்லாம் டீ குடிக்கும்போதுதான் வெளியே வரும்.

பேச வல்லுநராக இருக்கத் தேவையில்லை. இணையத்தில் இருக்கும் விளக்கத்தைப் படித்துக் காட்டினால் கூட்டம் செல்போனுக்குள் போய்விடும். “மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், காரணம் இதுதான்” என்று தொடங்குங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு மாலைப் பேச்சுக்காக நெரவியிலிருந்து புதுச்சேரிக்கு நூற்றிச்சொச்சம் கிலோமீட்டர் போய்வருவது கட்டுப்படியாகாது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியாகத் தமிழிலேயே கூட்டம் நடத்துகிறது. முதலில் அதில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு இங்கேயே தொடங்கலாம். என்.ஐ.டி. இருக்கும் திருவேட்டக்குடி நம் மாவட்டம்தானே, பேச ஆள் கிடைக்காமல் போகாது. நாலைந்து பேர், ஒரு அறை, மாறாத ஒரு கிழமை போதும். கிழமையை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு பேரே வந்தாலும் நடத்துங்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அடுத்த மாதமும் தள்ளிப்போகும்.

முதல் பேச்சுக்கு நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். விடையும் கையில் இருக்கிறது: ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நிரல்தொகுப்பைக் கொண்டு எழுத்தைப் பிரித்து எண்ணினால், நெரவிக்கு மூன்று என்றுதான் வரும்.