உர்ர்ர்... என்கிறதா உங்கள் ஆம்ப்ளிஃபயர்?

பேச்சிலர் ரூம்களில் மூன்று அயிட்டங்கள் கட்டாயம் உண்டு. ஒரு தண்ணீர்க் குடம், கொடி நிறைய காயாத பனியன், ஒரு ஆம்ப்ளிஃபயர். முதல் இரண்டும் தகராறு செய்வதில்லை. மூன்றாவதுதான் சனிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து மக்கர் பண்ணும். தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினால், மூடியைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: ''ஐ.சி. போயிடுச்சு சார்!''

ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி ஆம்ப்ளிஃபயர் கோக்கிற பைத்தியம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதனால் ஆபீஸில் யார் வீட்டுப் பெட்டி படுத்தாலும் கேஸ் என் மேஜைக்கு வந்துவிடும். நான் பார்த்தவரையில், பல கேஸ்களில் மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை. பத்து நிமிஷப் பொறுமை போதும்.

ஒரு பக்கம் ஊமையா?

இடது ஸ்பீக்கர் பேசவில்லை என்று வையுங்கள். முதலில் அதன் கோனைப் பாருங்கள். பெட்டியை ஆன் செய்ததும் ஒரேயடியாக முன்னாலோ பின்னாலோ தள்ளிக்கொண்டு நின்றால், அவுட்புட்டில் டி.சி. வருகிறது. உடனே ஆஃப்! அங்கே வேறு ஸ்பீக்கரை மாட்டினால் அதுவும் காலி.

அப்படி இல்லையென்றால், ஆஃப் செய்துவிட்டு இடது, வலது இன்புட் பின்களை மாற்றிச் செருகுங்கள். ஊமை வலது பக்கம் தாவிவிட்டதா? ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. ஒயரோ, பாட்டு அனுப்புகிற கருவியோதான் குற்றவாளி. இன்னும் இடதேதானா? பின்களைப் பழையபடி போட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றுங்கள். அதே ஸ்பீக்கர் அப்போதும் மௌனம் சாதித்தால் கோளாறு அதிலோ அதன் ஒயரிலோ. அது பாடி, மற்றது ஊமையானால்தான் பெட்டிக்கு ரிப்பேர்.

திருகினால் கரகரவா?

வால்யூம் கன்ட்ரோலுக்குள் தூசி. ஆஃப் செய்துவிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது தடவை திருகுங்கள். போகாவிட்டால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. தேங்காய் எண்ணெய் விடுகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் தலைக்கு, கன்ட்ரோலுக்கு அல்ல.

பேஸ் காணாமல் போச்சா?

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒரு கோன் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கரைக் கழற்றி 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே துள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

உர்ர்ர்...

வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். உறுமல் அடங்கினால் விஷயம் இன்புட் பக்கம். அடங்காவிட்டால் பவர் சப்ளையில் இருக்கிற பெரிய ஃபில்டர் கண்டென்சர் வயசாகி வறண்டிருக்கலாம். அது மெக்கானிக் வேலை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். விரல் வைக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரோ, கேபிள் பெட்டியோ சேர்ந்த பிறகு உறுமினால் அது கிரவுண்ட் லூப். இரண்டு வழியாக எர்த் கிடைப்பதால் ஆடியோ ஒயரின் மேலுறையில் கரன்ட் ஓடுகிறது. நண்பர் ஒருவர் வெற்றிப் புன்னகையோடு வந்தார். ''எர்த் பின்னை வெட்டிட்டேன் சார்... சத்தமே இல்லை!''

''உங்க வீட்டுல அதை யார் முதல்ல தொடுவாங்க?'' என்று கேட்டேன். ''பொண்ணுதான். அவதானே பாட்டு போடுவா'' என்றவர், பிறகு பேசவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் போய் 230 வோல்ட் இரும்புப் பெட்டிக்கு வந்தால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் தொடுகிற ஆள். அன்று சாயங்காலமே புதுப் பிளக் மாட்டினோம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, கேபிள் ஒயரைக் கழற்றிப் பார்த்தோம். உறுமல் நின்றது! மிச்சத்தை கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்கிற சின்னப் பெட்டி பார்த்துக்கொண்டது.

ஃபியூஸ் போகிறதா?

அதே ஆம்பியரில் ஒன்று மாற்றலாம். மறுபடியும் போனால் உள்ளே ஷார்ட். சிகரெட் டப்பா ஜிகினாத்தாளைச் சுற்றினால், ஃபியூஸுக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். விவரமான மெக்கானிக், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துத்தான் பெட்டியை ஆன் செய்வார். பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். ஒருமுறை மின்னி மங்கினால் பயமில்லை. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பழைய குண்டு பல்பு ஒன்று கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குப் போக நேர்ந்தால், ''ரிப்பேர் சார்'' என்று பெட்டியை நீட்டாதீர்கள். ''ரெண்டு பக்கமும் மாத்திப் பார்த்தாச்சு. இன்புட், ஸ்பீக்கர் ரெண்டும் ஓ.கே. இடது சானல்தான் அவுட்'' என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக் நிமிர்ந்து பார்ப்பார். பில் கொஞ்சம் குனியும்!